கிளை இருந்த இடம்

லெம்பி கங்காஸுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கு நுனியில் இருக்கிற கோபம் எப்போதாவது வந்து போகும். லெம்பியின் கோபம் தலையில் போட்ட கம்பளித் தொப்பி மாதிரி, எந்நேரமும் இருக்கும். சானா என்கிற நீராவி அறைக்குள் வேர்க்கப் போகும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவள் வேலை. கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே பிள்ளைகளைத் திட்டுவாள். குறுக்கே ஓடும் மானைத் திட்டுவாள், பனி தள்ளும் வண்டிக்காரனைத் திட்டுவாள், அவன் தள்ளாமல் விட்ட பனியையும் தனியாகத் திட்டுவாள். பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். லெம்பி திட்டுகிற வரைக்கும் ஒன்றுமில்லை, அவள் வாயை மூடினால்தான் யாரோ நிஜமாகவே தப்புப் பண்ணியிருக்கிறான் என்று அதுகளுக்குத் தெரியும்.

செப்டம்பர் முடிகிற நேரத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் கீவினாவில் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும். கூடவே சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கும். மேட்டு வளைவில், நடு ரோட்டில், காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் மஞ்சள் பஸ்ஸும் அது நிறையப் பிள்ளைகளுமாக லெம்பி நிற்பாள். ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டாள்.

"இலை பாக்கணும்னா ஓரமா நின்னு பாரேன்! ரோடு என்ன உங்கப்பன் வீட்டு வாசலா?"

இவ்வளவு திட்டுகிறவள், அக்டோபரில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் தானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு இலை பார்க்கக் கிளம்பிவிடுவாள் என்பதுதான் வேடிக்கை. பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் டிரைவருக்கு லீவு தருவார்களா? தரமாட்டார்கள். லெம்பிக்குத் தந்தார்கள். "குளிர்காலம் பூரா ஒரு நாள் விடாம நான் ஓட்டுறேன். பனிக்கு நான். இலைக்கு நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அது கேள்வி இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவள் வைத்திருந்தது பழைய ஃபிலிம் கேமரா. எடுக்கிற விதத்தில் அவளுக்கு ஒரே சட்டம்தான்: இருக்கிறதை எடு, பிடிக்காவிட்டால் வண்டியில் ஏறு. காலடியில் கிடக்கும் சுள்ளியைக்கூட நகர்த்தமாட்டாள். அது அங்கே விழுந்திருக்கிறது என்றால் அதற்கு அங்கே வேலை இருக்கிறது என்பாள்.

அவளோடு ஒவ்வொரு வருஷமும் போகிறவன் தம்பி ராய்மோ. குழாய் வேலை பார்க்கிறவன், எதிர் வீடு, தனிக்கட்டை. அவனுக்கும் படப் பைத்தியம் உண்டு. ஆனால் அவன் வேறு ஜாதிப் பைத்தியம். அவன் பையைத் திறந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிக்கிற புட்டி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், மான் வேட்டைக்குக் கொண்டுபோகிற மடக்கு ரம்பம் இருக்கும். பாறை மேல் இலை இல்லையென்றால் நல்லதாக நாலு பொறுக்கிப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்கி எடுப்பான். படத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் புல்லைக் கிள்ளிவிடுவான். படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் செய்வதுதான். 'சுத்தம் பண்றது' என்று அதற்குப் பெயர்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு மரத்துக்குப் பவுடர் பூசுறியாடா?" என்பாள் லெம்பி.

"நீ எடுக்கிற படம் காடு மாதிரியே இருக்கு, லெம்பி."

"அது காடுதான்டா, மடையா."

இப்படியே வாரம் முழுக்கப் போகும். கடைசியில் குளத்துக்கு வந்து முடியும்.

அந்தக் குளத்தை லெம்பி தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. புருஷன் டிவேயினை வீட்டைவிட்டுத் துரத்திய அன்றைக்குக் கோபத்தில் வண்டியை எடுத்தவள், தார் ரோடு முடிந்து, மண் ரோடு முடிந்து, மரம் ஏற்றும் லாரித் தடமும் முடிகிற இடம்வரை ஓட்டினாள். அதன் பிறகு நடந்தாள். திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்த இடத்தில் குளம் இருந்தது. எதிர்க்கரையில் ஒரு சிவப்பு மேப்பிள். அதன் ஒரு கிளை மட்டும், மற்றதெல்லாம் மேலே போகும்போது, தண்ணீருக்கு மேலே கையை நீட்டினதுபோல் குறுக்கே வந்திருந்தது. ஒரு படம் எடுத்தாள். அடுத்த அக்டோபரில் அதே பாறையில் நின்று இன்னொன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தாள். கிளை சற்றுத் தாழ்ந்திருந்தது.

எங்கள் பக்கத்துப் பனி லேசுப்பட்டதல்ல. சுப்பீரியர் ஏரி மேலிருந்து வருகிற பனி ஆளுயரத்துக்கும் மேல் கொட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் கிளை சுமந்தது, ஒவ்வொரு வசந்தத்திலும் கொஞ்சம் குனிந்தே மிஞ்சியது. லெம்பி பாறையில் ட்ரைபாடின் மூன்று காலுக்கும் ஆணியால் கீறி அடையாளம் வைத்தாள். வருஷத்துக்கு ஒரே படம். வீட்டு நடையில் வரிசையாக மாட்டினாள். முன் கதவிலிருந்து பின்னால் நடந்து போனால், சிவப்பு இலையோடு ஒரு கிளை தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டே வரும். போன வருஷம் கிளை நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கையகலம்தான் பாக்கி.

இந்த வருஷம் தொட்டுவிடும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் வேறு எதற்காகவும் இப்படிக் காத்திருந்ததில்லை என்பதையும் சொல்லவில்லை. குளக்கரையில் நின்று, "சனியன் புடிச்ச கிளை, இன்னும் அங்கயே தொங்குது பாரு" என்று திட்டுவாள், அவ்வளவுதான். நடையில் மாட்டியிருக்கிற படங்களைப் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று நினைத்திருந்தாள்.

இந்த முறை கிளம்பியதிலிருந்தே ராய்மோ சரியில்லை. முதல் இரண்டு நாளும் மேற்கே போர்க்குப்பைன் மலைப்பக்கம் மழையில் போயிற்று. மூன்றாம் நாள் திரும்பும்போது, வெர்னா கடையில் பேஸ்டி சாப்பிடுவது என்பது பைபிளில் எழுதாத குறை. அங்கே போக வேண்டாம் என்றான்.

"வேற கடைக்குப் போவோம் லெம்பி. வெர்னா இப்பல்லாம் மாவு கெட்டியாப் போடுறா."

"உனக்கு எப்படித் தெரியும்? எப்பப் போன?"

"ஆளுங்க சொன்னாங்க."

"ஆளுங்க சொன்னாங்களாம். அந்த ஆளுங்க பேஸ்டிக்குக் குழம்பு ஊத்திச் சாப்பிடுற ஆளுங்களா இருப்பாங்க" என்று சொல்லி, வண்டியை வெர்னா கடை வாசலில் நிறுத்தினாள். ராய்மோ இறங்கவில்லை. பசியில்லை என்றான். மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியின் வாசனை ரோடுவரைக்கும் வருகிறது. ராய்மோவுக்குப் பசியில்லையாம்!

உள்ளே போன லெம்பிக்கு வெர்னா வாயெல்லாம் பல்லாகக் கையைக் காட்டினாள். "வா வா, பாரு, உன் தம்பி எங்க சுவத்துக்கு வந்திருக்கான்!"

கேமரா கிளப் போட்டிப் படங்கள் அந்த வருஷம் வெர்னா கடைச் சுவரில் மாட்டியிருந்தன. நடுவில் ஒரு படத்தின் மூலையில் சிவப்பு ரிப்பன். இரண்டாம் பரிசு. 'அமைதி' என்று பெயர், கீழே ராய்மோ கங்காஸ். அவளுடைய குளம். அவளுடைய மேப்பிள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதில் தலைகீழாக மொத்தச் சிவப்பும். குறுக்கே ஒன்றும் இல்லை.

லெம்பி படத்துக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனாள்.

"கிளை எங்க?" என்றாள்.

"எந்தக் கிளை?" என்றாள் வெர்னா. "சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கிளப்காரங்க ரொம்பக் கறார். கம்ப்யூட்டர்ல ஒரு புல்லக்கூட அழிச்சிருக்கக்கூடாதாம். ரிப்பன் குடுக்கிறதுக்கு முன்னாடி கேமராவுல இருக்கிற படத்தையே வாங்கிப் பாக்குறாங்க. உன் தம்பி படம் அப்படியே சுத்தமாம்."

லெம்பி பேஸ்டியை வாங்காமல் வெளியே வந்தாள். வண்டிக் கதவை அவள் சாத்திய சாத்தில் ராய்மோவின் தொப்பி நழுவியது.

"எங்கடா கிளை?"

ராய்மோ முன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன்" என்றான்.

"வெர்னா சொல்றா, மூலப் படத்தையே பாத்தாங்கன்னு."

"அதுக்கும் வழி இருக்கு."

"என்ன வழி?"

"சொன்னா உனக்குப் புரியாது. நீ இன்னும் ஃபிலிம் போடுற ஆளு."

சாதாரண நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அவனை அங்கேயே இறக்கிவிட்டிருப்பாள். அன்றைக்கு வண்டியைத் திருப்பினாள். வழியில் இரண்டு நீர்வீழ்ச்சி, ஒரு மலை உச்சி, கலங்கரை விளக்கம் எல்லாம் பாக்கி இருந்தன. ஒன்றிலும் நிற்கவில்லை. நேரே குளத்துக்கு.

"இப்பவேவா? வெளிச்சம் சரியில்ல" என்றான் ராய்மோ.

"உன் மூஞ்சிதான் சரியில்ல."

"மறுபடி மழை வரும் போல இருக்கு."

"வரட்டும்."

வழி நெடுகத் திட்டினாள். படத்தில் ஏமாற்றுகிறவன் பெற்ற தாயையும் ஏமாற்றுவான் என்றாள். பித்தலாட்டக்காரன், போலி, ரிப்பனுக்கு நாக்கைத் தொங்கப்போட்டவன் என்றாள். அப்பா இருந்திருந்தால் ஏரியில் தள்ளியிருப்பார் என்றாள். ராய்மோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி அவன் ஏற்றுக்கொண்டதுதான் அவளுக்கு உறுத்தியது. ராய்மோ எதையும் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்கிறவன் அல்ல. செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்றால், செய்தது அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

மலைச்சரிவு இரண்டு பக்கமும் பற்றி எரிகிற சிவப்பாக இருந்தது. அந்த வருஷம் போல நிறம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று என்று பின்னால் ஊரே பேசியது. லெம்பி எதையும் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்கக் கம்ப்யூட்டரில் அழிக்கிறவர்களைக் காறித் துப்பியவள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளுக்குள் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தாள். கடவுளே, இவன் பித்தலாட்டக்காரனாகவே இருக்கட்டும். கிளப்பை ஏமாற்றியிருக்கட்டும், திருட்டு ரிப்பனாக இருக்கட்டும். கிளை மட்டும் அங்கே இருக்கட்டும்.

லாரித் தடம் முடிந்ததும் இறங்கி நடந்தாள். கேமராவை அவளே தூக்கிக்கொண்டாள். ராய்மோ பத்தடி பின்னால் வந்தான். ஈர இலை காலடியில் சத்தமே போடவில்லை.

பாறைக்கு வந்து நின்று பார்த்தாள்.

மேப்பிள் நின்றது. உச்சிவரைக்கும் சிவந்து, அழகாக, வெட்கமே இல்லாமல் நின்றது. கிளை இருந்த இடத்தில், அடிமரத்தோடு ஒட்ட, தட்டுப்போல வட்டமாக ஒரு வெட்டுத் தழும்பு. ஒரு வருஷ மழையில் சாம்பல் நிறமாகியிருந்தது. வெட்டும் சுத்தமான வெட்டு. குழாய் அறுத்துப் பழகின கை.

லெம்பி ஒன்றும் சொல்லவில்லை. ராய்மோவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லு, லெம்பி."

காற்றில் நாலைந்து இலை தண்ணீரில் விழுந்தது.

"உனக்கும் நல்லதுன்னுதான் நெனச்சேன். தண்ணியில விழுற நிழல் பூராத்தையும் மறைச்சிட்டு நின்னுச்சு. நீயே ஒவ்வொரு வருஷமும் சனியன் புடிச்ச கிளைன்னு திட்டுவ. நான் என் காதால கேட்டிருக்கேன்."

அப்போது வாயைத் திறந்தாள்.

"நான் எவனைத்தான்டா திட்டல? பஸ்ஸுல வர்ற அத்தனை புள்ளையையும் திட்டுறேன். உன்னத் தொட்டில்ல கெடந்த நாள்லருந்து திட்டுறேன். உன்ன வெட்டியா போட்டேன்?"

ராய்மோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என் வீட்டுக்கு வர்ற. பியர் குடிக்கிற. நடையைத் தாண்டித்தான கக்கூஸுக்குப் போற? எத்தனை வருஷமாப் போற? ஒரு தடவையாவது சுவத்தைத் திரும்பிப் பாத்தியா? அது எங்க போயிட்டு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியலையா? கையகலம்டா. இன்னும் ஒரு கையகலம். இந்த வருஷம் தொட்டிருக்கும்!"

அவள் குரல் உடைந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ராய்மோ மரத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். நடையில் இருக்கிற படங்கள் அவன் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்க வேண்டும், முகம் மெதுவாக வெளுத்தது.

"எப்ப வெட்டின?"

"போன வருஷம். நீ எடுத்துட்டு வந்த மறுநாள். மான் தடம் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தடவையாவது என் படம் சுவத்துல தொங்கணும்னு இருந்துச்சு" என்றான்.

"அதுவும் ரெண்டாம் பரிசுக்கு!" என்று கத்தினாள் லெம்பி. எதிர்க்கரையிலிருந்து ஒரு வாத்து எழும்பிப் பறந்தது. "முதல் பரிசாவது வாங்கித் தொலைஞ்சியா?"

திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் ராய்மோ நினைத்தான். அவள் ட்ரைபாடை விரித்தாள். மூன்று காலையும் மூன்று கீறலில் வைத்தாள். கேமராவைப் பூட்டினாள்.

"வெட்டினதை எங்க போட்ட?"

புதருக்குப் பின்னால் கையைக் காட்டினான். படத்தில் தெரியக்கூடாதென்று இழுத்துப் போட்டிருந்தான். ஒரு வருஷம் காய்ந்து பட்டை உரிந்து கிடந்தது. இலை ஒன்றில்லை.

"தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கிட்டுத் தண்ணியில எறங்கு. கிளை இருந்த எடத்துக்குப் போ."

"அக்டோபர் மாசம், லெம்பி. எனக்கு முட்டி வலி வேற."

"வெட்டுறப்ப முட்டி வலிக்கலையா?"

ராய்மோ பூட்ஸைக் கழற்றினான். கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்தின் ஓரமாகச் சுற்றிப் போய், மரத்தடியில் இறங்கினான். தண்ணீர் தொடைவரைக்கும் வந்தது. அவன் போட்ட சத்தம் இங்கே பாறைவரைக்கும் கேட்டது. தழும்பிருந்த இடத்துக்கு நேராக அடிக்கட்டையைத் தூக்கி, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான்.

"மேல தூக்கு. இடது பக்கம். உன் இடது பக்கம்டா!"

"கை நடுங்குது!"

"நடுங்கட்டும். நுனியை எறக்கு. இன்னும். இன்னும் கீழ."

"தண்ணியில பட்டுடும்!"

"படட்டும்."

நுனி தண்ணீரைத் தொட்டது. அதிலிருந்து ஒரு வட்டம் கிளம்பி, மிதந்த சிவப்பு இலைகளையெல்லாம் மெல்ல அசைத்துக்கொண்டு, பாறைவரைக்கும் வந்தது. லெம்பி குனிந்து கேமராவுக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஃபோகஸ் செய்ய அவ்வளவு நேரம் ஆகாது. கேமராக் கண்ணாடியில் ஈரம் என்று பிறகு சொன்னாள்.

"எடுத்துட்டியா?"

"அசையாத."

"இது பொய்ப் படம், லெம்பி!" என்று பல் கிட்டிக்கக் கத்தினான். "நீயே சொல்லுவல்ல, இருக்கிறதை எடுன்னு!"

"இருக்கிறதைத்தான்டா எடுக்கிறேன். கிளைய வெட்டினவன் கிளையைப் புடிச்சிட்டு நிக்கிறான். இதுல எது பொய்?"

ஷட்டர் விழுந்தது.

வண்டிக்குள் ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு ராய்மோ நடுங்கினான். பையிலிருந்த ரம்பத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். அவள் கையால்கூடத் தொடவில்லை. அவனே ஜன்னலை இறக்கி, பிறகு எங்கே எறிவது என்று தெரியாமல் திரும்ப ஏற்றினான். நாற்பத்தொன்றாம் நம்பர் ரோட்டு வளைவில், ஒரு சிவப்புக் காரை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு நாலு பேர் இலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். லெம்பி ஹாரனை அடிக்கவில்லை. அவர்கள் எடுத்து முடிக்கிறவரைக்கும் பேசாமல் நின்றாள். ராய்மோவுக்கு அதைப் பார்த்துத்தான் பயம் அதிகமாயிற்று.

வீட்டு வாசலில் இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அடுத்த வருஷம் நான் வர வேண்டாமா, லெம்பி?"

லெம்பி அவன் நனைந்த காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் துளியும் இல்லை.

"வராம? கிளைய எவன் புடிப்பான்?"